கண்ணகி நடந்த வழி: காப்பிய நிலமும் வன்னி நிலமும்

புலவன் படைக்கும் உலகிலே கால் ஊன்றி நடத்தல் இயலுமா? இவ்வினா முதற்கண் நகைப்பிற்கு இடமாகத் தோன்றலாம். பாட்டு செவிக்கும் உள்ளத்துக்கும் உரியது. பாதை காலுக்கு உரியது. எனினும் தமிழ் மரபு இவ்விரண்டையும் முற்றாகப் பிரித்து வைத்ததில்லை. தொல்காப்பியனார் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என வகுத்தவிடத்து, நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டார். நிலம் அமைந்த பின்னரே அந்நிலத்து மரமும் விலங்கும் தெய்வமும் தொழிலும் அமையும். அவற்றிடையே மாந்தர் உணர்வு கிளரும். ஆகவே, தமிழ்ப் புலவன் ஒருவன் கதை கூற எழுந்தால் அவன் முதலில் ஒரு நிலத்தைக் காட்டியே தீரவேண்டும். அங்ஙனம் காட்டிய நிலத்தை மக்கள் தேடிச் சென்று நடந்து பார்க்க விழைதல் இயல்பேயாம்.

இவ்விழைவு நமக்கே உரியதன்று. இங்கிலாந்து நாட்டிலே டோல்கீன் என்னும் பேராசிரியர் இருந்தார். 1892 ஆம் ஆண்டிற் பிறந்து 1973 ஆம் ஆண்டில் மறைந்த இவர் பழைய ஆங்கில மொழியிலே துறைபோகிய புலமையாளர். 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த மோதிரத் தலைவனைப் பற்றிய இவரது பெருங்கதை, எங்கும் இல்லாத ஒரு நாட்டைப் படைத்து, அதற்கு நிலப்படமும் வரைந்து, மலையும் ஆறும் துறையும் பெயரிட்டுக் காட்டியது. கதை முழுவதும் ஒரு நெடுநடையேயாகும். சிறியோர் சிலர் தம் ஊரைவிட்டுப் புறப்பட்டு, காடும் மலையும் சதுப்பும் கடந்து, தீயின் மலையை அடைகின்றனர். இவ்வுலகு முற்றும் கற்பனையாயினும், 1911 ஆம் ஆண்டிலே தாம் இளைஞராகச் சுவிற்சர்லாந்து மலைகளில் நடந்து சென்ற அநுபவமே தம் கதையின் மலைப்பயணத்துக்கு வித்தாயிற்று என்று ஆசிரியரே எழுதியுள்ளார்.

இனி, அவர்தம் வாசகர் செய்ததை நோக்குவாம். இலங்காசயர்ப் பகுதியில் ஸ்டோனிஹர்ஸ்ட் என்னும் பழைய கல்லூரியொன்று உண்டு. டோல்கீனின் மக்களுள் ஒருவர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கே குருத்துவக் கல்வி பயின்றமையால், அவர் அவ்விடத்துக்குச் சென்று தங்குவதுண்டு. அதனைச் சான்றாகக் கொண்டு, அவ்வூரார் தம் வயல்வெளிகளையும் ஆற்றங்கரைகளையும் இணைத்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் அளவான நடைவழி ஒன்றை வகுத்து, அதற்கு அவர் பெயரையே சூட்டினர். கதையில் வரும் ஓடத்துறை இந்த ஆற்றுத்துறையே என்றும், கதையில் வரும் ஆறு இந்த ஆறே என்றும் அவர்கள் கூறுவர். ஆசிரியர் அவ்வாறு உறுதிப்படுத்தினார் என்பதற்கில்லை. ஆயினும் ஆண்டுதோறும் பலர் அவ்வழியே நடக்கின்றனர். கதையை விரும்பிய உள்ளம் தன் விருப்பத்துக்குக் காலடியில் ஒரு மண்ணை நாடுகின்றது என்பதே இதனாற் பெறப்படும்.

இவ்வாறு ஒரு நூலின் நிலத்தை நடந்து காணும் வழக்கு மேலைநாட்டில் அண்மையில் தோன்றிய புதுமை எனச் சிலர் எண்ணுவர். நம் வன்னி நாட்டிலே, தண்ணீரூற்று, முள்ளியவளை, வற்றாப்பளை ஆகிய ஊர்களைத் தொடுத்து, ஒரு காப்பியத்தின் நினைவாக மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகின்றனர் என்பதை நினைவூட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அக்காப்பியம் சிலப்பதிகாரம். அவ்வழி கண்ணகி நடந்த வழி.

சிலப்பதிகாரம் ஒரு நடைக்காப்பியம்

இளங்கோவடிகளின் காப்பியத்தை அரசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்றாகும் உண்மையை நிறுவும் நூலாகவும், பத்தினியின் பெருமையை விளக்கும் நூலாகவும், ஊழின் வலியைக் காட்டும் நூலாகவும் நாம் கற்கின்றோம். அதனை ஒரு வழிநடை நூலாகக் கற்பார் அருகியே உளர். ஆனால் கதையின் நடுப்பகுதி பெரும்பாலும் நடையாலேயே ஆயது. புகார்க் காண்டத்தின் இறுதியில் கோவலனும் கண்ணகியும் விடியற்கு முன்னர் யாரும் அறியாவண்ணம் நகரை நீங்குகின்றனர். காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கிச் சென்று, கவுந்தியடிகளின் தவப்பள்ளியை அடைந்து, அவரைத் துணையாகப் பெற்று, அரங்கத்தை அணைந்து, ஆற்றைக் கடந்து உறையூரை எய்துகின்றனர். அதன் பின்னரே பாண்டி நாட்டு வழி தொடங்குகின்றது.

இவ்வழியில் ஓரிடம் மாணவர் உள்ளத்தில் என்றும் நிற்கத்தக்கது. புகார் நகரத்தின் எல்லையைக் கடந்து சிறிது தூரமே நடந்த நிலையில், அடி நொந்த கண்ணகி மதுரை எங்குளது என வினவுகின்றாள். முப்பது காவதமே, அணித்தே உளது என்று கோவலன் நகைத்துக்கொண்டு கூறுகின்றான். அந்த நகைப்பினுள்ளே எத்துணைத் துயர் அடங்கியுள்ளது என்பதை நடந்து பார்த்தவரே அறிவர். பூம்புகாரிலிருந்து திருச்சிராப்பள்ளி வழியாக மதுரைக்கு இன்றுள்ள நெடுஞ்சாலைத் தூரம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். காவத அளவு இடத்துக்கிடம் வேறுபடுமாயினும், முப்பதாற் பகுத்து நோக்கினால் ஒரு காவதம் பத்துக் கிலோமீற்றர் அளவினதாக அமைகின்றது. நாளொன்றுக்கு ஒரு காவதத்துக்கு மேல் அவர்கள் நடக்கவில்லை என்றும், இடையிடையே பல நாள் தங்கினர் என்றும் அடிகள் குறிக்கின்றார். மாளிகையில் வளர்ந்த பெண்ணொருத்திக்கு வெயிலில் ஒரு நாளில் இயலும் நடை அவ்வளவே. கற்பனைக் கதையிலே இத்தகைய கணக்குப் பொருத்தம் தற்செயலாக அமையாது. அடிகள் அவ்வழியை அறிந்தவர், அல்லது அறிந்தவரிடம் கேட்டுத் தெளிந்தவர் என்றே கொள்ளல் வேண்டும்.

உறையூரைக் கடந்தபின் மாங்காட்டு மறையோன் ஒருவன் எதிர்ப்பட்டு மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளை விரித்துரைக்கின்றான். கொடும்பாளூர்க் குளக்கரையிலே பாதை சிவபெருமானின் சூலம்போல மூன்றாகப் பிரிகின்றது. வலப்பக்க வழி சிறுமலையை ஒட்டியது. வறண்ட மரங்களும் எயினர் வாழிடங்களும் உடையது. இடப்பக்க வழி திருமால் குன்றமாகிய அழகர்மலையைச் சார்ந்தது. அங்கே பிலமும், அதனுள் மூன்று பொய்கைகளும் உள. நடுவழி இவ்விரண்டினும் செவ்விது. ஆயினும் அங்கே கானுறை தெய்வம் மயக்குந் தோற்றத்தோடு எதிர்வரும். இப்பகுதியை ஊன்றிக் கற்பார்க்கு ஓர் உண்மை விளங்கும். சிறுமலையும் அழகர்மலையும் இன்றும் அதே இடத்தில் உள்ளன. பிலமும் தெய்வமும் புலவனின் படைப்பு. உண்மை நிலத்தின் மேல் வியப்பு நிலம் ஒன்றை அடிகள் போர்த்துகின்றார். கற்பனை எங்கே தொடங்குகின்றது என்பதை அறியாது நாம் அவர் பின்னே நடக்கின்றோம்.

ஐந்து திணைகளையும் இந்நடையிலே அடிகள் அமைத்த திறமும் எண்ணத்தக்கது. கானல்வரியில் நெய்தல், காவிரிக்கரை வயல்களில் மருதம், வேட்டுவ வரியிற் பாலை, ஆய்ச்சியர் குரவையில் முல்லை, குன்றக் குரவையிற் குறிஞ்சி என ஒவ்வொரு நிலமும் தன் மக்களோடும் தன் தெய்வத்தோடும் தன் ஆடலோடும் வருகின்றது. முல்லையும் குறிஞ்சியும் வேனிலாற் பண்பு திரிந்து பாலையாகும் என்னும் நுட்பத்தையும் மறையோன் கூற்றில் வைத்து அவரே விளக்குகின்றார். கோவலன் இறந்தபின் கண்ணகி நடக்கும் நடை வேறு. கணவனோடு கீழை வாயிலாற் புகுந்தவள் மேலை வாயிலால் தனித்து நீங்குகின்றாள். இரவும் பகலும் அறியாது வையைக் கரையோடு சென்று, நெடுவேள் குன்றத்தில் வேங்கை மரத்தின் கீழ் நிற்கின்றாள். பதினான்காம் நாளிற் கோவலனோடு விண்ணேறுகின்றாள். காப்பியத்திற் கண்ணகியின் மண்ணடை அங்கே முடிகின்றது.

நூலைக் கையிற்கொண்டு நடந்த அறிஞர்

அம்முடிவிடத்தைத் தேடி ஒரு தமிழறிஞர் நடந்தார் என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தி. கரந்தையைச் சேர்ந்த சி. கோவிந்தராசனார், சிலப்பதிகாரம் காட்டும் வழியையே வழிகாட்டியாகக் கொண்டு புகாரிலிருந்து புறப்பட்டு, நூலிற் கூறப்படும் இடங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1963 ஆம் ஆண்டிலே மேற்குத்தொடர்ச்சி மலைமேல் இடிபாடுற்றுக் கிடந்த கோயிலொன்றைக் கண்ணகி கோட்டம் என இனங்கண்டார். மங்கலதேவி கோயில் என வழங்கும் அது, தேனி மாவட்டத்துக் கூடலூருக்கு அணித்தாய், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையிலே, அடர்காட்டின் நடுவே அமைந்துள்ளது. ஆண்டில் ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமியன்று, அடியார் அங்கே சென்று வழிபடுகின்றனர். தம் ஆராய்ச்சியை அவர் கண்ணகியார் அடிச்சுவட்டில் என்னும் நூலாகவும் எழுதினார்.

சேரர் தலைநகராகிய வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்னும் வழக்கு அறிஞரிடையே நெடுங்காலம் நிகழ்ந்தது. கோட்டம் அமைந்த இடம் பற்றியும் வேறு கருத்துடையார் உளர். அவ்வழக்கைத் தீர்த்தல் நம் நோக்கமன்று. ஏட்டுச் சுவடியிற் கிடந்த காப்பியத்தை உ. வே. சாமிநாதையர் 1892 ஆம் ஆண்டில் அச்சேற்றி உலகுக்கு அளித்தார். அந்நூல் வெளிவந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின் ஒருவர் அதனைக் கையிலேந்திக் காட்டு வழியே நடந்தார். காப்பியத்தின் நிலத்தைக் காலால் அளந்து படித்த படிப்பு அது. அத்தகைய படிப்பு வகுப்பறையிற் கிட்டுவதன்று.

நூல் முடிந்த இடத்தில் தொடங்கும் வழி

காப்பியத்தின்படி கண்ணகி இலங்கைக்கு வந்தவளல்லள். சேரன் செங்குட்டுவன் அமைத்த கோட்டத்தின் கடவுள்மங்கலத்தில் இலங்கை வேந்தன் கயவாகுவும் இருந்தான் என்பதும், அவன் தன் நாட்டில் கண்ணகிக்கு விழவெடுத்தான் என்பதுமே நூல் தரும் செய்தி. இக்கயவாகுவைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் கஜபாகு எனக் கொள்வர். மகாவமிசம் அவன் ஆட்சியைக் கூறுமிடத்துக் கண்ணகி வழிபாட்டைக் குறிக்கவில்லை. பிற்காலத்துச் சிங்கள நூலாகிய இராசாவலிய, அவன் பத்தினித் தெய்வத்தின் சிலம்பைக் கொணர்ந்தான் எனக் கூறும். சிங்கள மக்களிடையே பத்தினி தெய்வம் பெற்றுள்ள பேரிடத்தைப் பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1984 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பெருநூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

நூலோர் இங்ஙனம் கூற, ஈழத்துத் தமிழ் மக்கள் வேறொன்று செய்தனர். கண்ணகியைத் தாமே நடத்தி வந்தனர். மதுரையை எரித்த சினம் தணியாதவளாய்க் கடல்கடந்து இந்நாட்டுக்கு வந்து, இடந்தோறும் தங்கித் தங்கிச் சென்றாள் என்பது அவர்தம் மரபு. கோவலன் கதை, கண்ணகி வழக்குரை ஆகிய ஈழத்து நூல்கள் காப்பியக் கதையைப் பலவாறு விரித்தன. அவற்றிலே கண்ணகி மாங்கனியிற் தோன்றியவள். அவள் சிலம்புக்கு வேண்டிய நாகமணியைப் பெற மீகாமன் என்பான் மரக்கலமேறி வந்து, வடபுலத் தீவுகளின் தலைவனாகிய வெடியரசனோடு பொருதான். இவ்வாறு கண்ணகியின் காற்சிலம்பே நம் கடலோடு தொடர்புபட்டுவிடுகின்றது. யாழ்ப்பாணத்திலே அங்கணாமைக்கடவை, மட்டுவில் முதலிய ஊர்களிலும், மட்டக்களப்புப் பகுதி எங்கணும் கண்ணகை அம்மன் கோயில்கள் எழுந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலர் முதலியோர் சைவ ஆகம நெறியை வலியுறுத்தி, வணிகர் குலப்பெண்ணை வழிபடுதல் தகாதென மறுத்தமையால், யாழ்ப்பாணத்துக் கோயில்கள் சில வேறு அம்மன் பெயர்களை ஏற்றன. வன்னியும் மட்டக்களப்பும் பழைய பெயரை விடாது போற்றின.

வற்றாப்பளை: பத்தாவது தங்கல்

அம்மரபின்படி கண்ணகி தங்கிய இடங்களுள் பத்தாவது வற்றாப்பளை. பத்தாம்பழை என்பதே வற்றாப்பளை என மருவிற்று என்று ஊரார் கூறுவர். தெல்லிப்பளை, புலோப்பளை என்றாற்போலப் பளை என்னும் ஈறு பிற ஊர்ப்பெயர்களிலும் வருதலின், இது கதையைத் தழுவி எழுந்த பெயர்விளக்கம் எனக் கொள்ளலும் ஆம். எனினும் பெயர்விளக்கம் பிழைபடினும் அதனை ஆக்கிய உள்ளம் பிழைபட்டதன்று. தாம் வாழும் மண்ணை ஒரு பெருங்கதையின் இறுதிப் படியாகக் காணும் விழைவே அப்பெயர்க்கதையை ஈன்றது.

கதை வருமாறு: நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர் முன்னே மூதாட்டி ஒருத்தி தோன்றினாள். பசிக்கின்றது என்றாள். சிறுவர் இரங்கிப் பொங்கிக் கொடுத்தனர். இருள் சூழ்ந்தது. விளக்கேற்றுமாறு கூறினாள். எண்ணெய் இல்லை என்றனர். கடல்நீரை அள்ளி வார்த்து ஏற்றுங்கள் என்றாள். அவ்வாறே செய்ய, விளக்கு எரிந்தது. பின்னர் தன் தலையிற் பேன் பார்க்குமாறு கேட்டாள். சிறுவர் கூந்தலை விலக்க, தலை முழுவதும் ஆயிரம் கண்கள் விழித்திருக்கக் கண்டு அஞ்சினர். மூதாட்டி மறைந்தாள். செய்தி கேட்டு ஓடிவந்த ஊரார் அவ்விடத்தில் பந்தரிட்டு வழிபடத் தொடங்கினர்.

இக்கதையை நூல்வழி நோக்கினால் ஒரு நுட்பம் புலப்படும். காப்பியத்திலே கண்ணகிக்கு இறுதியில் அடைக்கலம் அளித்தவள் இடைக்குலத்து மாதரி. அங்கே கண்ணகி தன் கையாற் சமைத்துக் கணவனுக்கு இட்ட உணவே அவன் உண்ட இறுதி உணவாயிற்று. வன்னிக் கதையிலோ ஆநிரை மேய்க்கும் சிறுவரே அவளுக்குப் பொங்கி இடுகின்றனர். ஆயர்பாடியில் முறிந்த விருந்து நந்திக்கடலோரத்தில் நிறைவு பெறுகின்றது. இதனை ஆக்கியோர் சிலப்பதிகாரத்தை ஏட்டிற் கற்றோரல்லர் ஆகலாம். ஆயினும் அக்காப்பியத்தின் உள்ளுறையை அவர் நன்கு உணர்ந்திருந்தனர்.

கதையோடு அமையாது, அதனை ஆண்டுதோறும் காலால் நடந்து மெய்ப்பிக்கின்றனர் என்பதே இங்குச் சிறப்பாகக் கருதற்பாலது. வைகாசி விசாகப் பொங்கலுக்கு முந்திய வாரத்தில், சிலாவத்தைக் கடற்கரையிலே தீர்த்தம் எடுக்கின்றனர். அக்கடல்நீர் முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலுக்கு எடுத்துவரப்பட்டு, அங்கே உப்புநீர் விளக்கு ஏற்றப்படுகின்றது. அடுத்த ஞாயிறன்று அவ்விநாயகருக்குப் பொங்கல். அதன் பின்னர் மடைப்பண்டங்கள் வற்றாப்பளைக்கு எடுத்துச் செல்லப்பட, திங்களன்று பெரும்பொங்கல் நிகழ்கின்றது. கடலிலிருந்து காட்டு விநாயகரிடத்துக்கும், அங்கிருந்து கண்ணகியிடத்துக்குமாக நிகழும் இவ்விரு நடைகளும் சேர்ந்தே விழாவாகின்றன. நடை நின்றால் விழா இல்லை. இப்பகுதியில் ஆடப்பட்டுவரும் கோவலன் கூத்தையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். அதன் ஆட்டமரபை முல்லைமோடி என்பர். வடமோடி, தென்மோடி என்னும் வழக்கோடு ஒப்ப, ஓர் ஊர்ப்புறம் தன் பெயராலேயே ஒரு மோடியை நிறுவிக்கொண்டமை, இக்கதை அம்மண்ணில் எத்துணை ஆழ வேரூன்றியது என்பதைக் காட்டும்.

தண்ணீரூற்றிலிருந்து ஒரு நடை

முள்ளியவளையோடு அடுத்துக் கிடப்பது தண்ணீரூற்று. பெயரே அதன் இயல்பை உரைக்கின்றது. நிலத்தின் கீழிருந்து நீர் ஊறிப் பெருகும் இடம் வன்னியில் ஊராகும். ஊரானவிடத்துக் கோயில் எழும். ஊற்றங்கரைப் பிள்ளையார் என்னும் பெயரில் அவ்வூற்றும் தெய்வமும் ஒன்றாயின. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு வரும் நெடுஞ்சாலையிலே காட்டைக் கடந்து வருவார்க்கு இவ்வூர் எத்தகைய ஆறுதல் அளித்திருக்கும் என்பதை, பேருந்தில் விரைவார் உணரார், நடப்பாரே உணர்வர்.

இங்கிருந்து வற்றாப்பளைக்கு ஒரு காலைப்பொழுதில் நடந்துவிடலாம். அச்சிறு நடைக்குள் அடிகள் காப்பியம் முழுவதும் பரப்பிய நிலங்கள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. ஊற்றும் வாய்க்காலும் நெல்வயலும் மருதம். வயலைச் சூழ்ந்த காடும், அதனுள் மேயும் ஆநிரையும் முல்லை. நந்திக்கடலும் அதன் மீன்பிடி வள்ளங்களும், அப்பாற் கேட்கும் கிழக்குக் கடலின் ஒலியும் நெய்தல். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசிக் குளங்கள் வற்றி, புல் கருகி, மண் வெடித்துக் கிடக்கும்போது அதே முல்லை பாலையாகின்றது. மறையோன் கூறிய திரிபை விளக்க ஆசிரியர் வகுப்பில் ஒரு மணிநேரம் பேசலாம். மாணவரை ஆடி மாதத்து வன்னிக்காட்டினூடே அழைத்துச் சென்றால் ஒரு சொல்லும் வேண்டுவதின்று. குறிஞ்சி ஒன்றே இங்கு இல்லை. அதனையும் வேண்டுவார்க்கு நெடுவழி ஒன்று உண்டு.

அந்நெடுவழி கதிர்காம யாத்திரை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் அடியார், வன்னியூடாக முல்லைத்தீவுப் பகுதியை அடைந்து, வழக்கமாக வற்றாப்பளைப் பொங்கலைக் கண்டபின், கிழக்குக் கரையோரமாகத் திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில் என்னும் தலங்களைக் கடந்து, உகந்தை மலையை எய்தி, குமண, யால காடுகளினூடே நடந்து கதிர்காமத்தைச் சேர்வர். ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட இந்நடைக்கு ஒன்றரை மாதத்துக்கு மேலாகும். ஆடி விழாக் கொடியேற்றத்தைக் கணக்கிற் கொண்டே பயணத்தை வகுப்பர். கண்ணகியின் வழி வற்றாப்பளையில் முடியும் இடத்திலே முருகனின் வழி அதனை ஏற்றுக்கொள்கின்றது. குன்றக் குரவையிலே கண்ணகியைக் கண்ட குறவர் முருகனைப் பாடும் மக்களே என்பதை நினைந்தால், இவ்விரு வழிகளும் ஒன்றிலொன்று கலந்தமை பொருத்தமே எனத் தோன்றும்.

ஓர் ஐயமும் அதற்கு விடையும்

இவ்விடத்து வரலாற்று மாணவர் ஒருவர் ஓர் ஐயம் எழுப்பக்கூடும். நூலிற் கண்ணகி இலங்கைக்கு வரவில்லை. நந்திக்கடலோரக் கதை பிற்காலத்தது. அவ்வாறாயின் இவ்வழியைக் கண்ணகி நடந்த வழி எனல் பொய்யாகாதா? ஐயம் நேரியதே. இதற்கு விடை காண மூன்றைப் பிரித்து அறிதல் வேண்டும். நூல் கூறுவது ஒன்று. மரபு கூறுவது மற்றொன்று. நிலம் கூறுவது பிறிதொன்று. கயவாகுவின் வரவை ஆராயும்போது நூலையும் கல்வெட்டையும் நாடுக. ஆங்கு மரபைச் சான்றாகக் கொள்ளற்க. ஒரு மக்கட் கூட்டம் தன் துயரையும் அறவுணர்வையும் எவ்வாறு காத்துவந்தது என ஆராயும்போது மரபை நாடுக. ஆங்கு நூலில் இல்லை என்று தள்ளற்க. இங்கிலாந்திலே டோல்கீன் பெயரால் நடப்போர் தாம் நடக்கும் ஆறு கதையாற்றின் மூலம் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் ஓர் ஆசிரியரின் நினைவை நடக்கின்றனர். வன்னி மக்களோ தாமே அக்கதையின் ஆசிரியராகி, காப்பியத்தின் எஞ்சிய ஏடுகளைத் தம் காலால் எழுதினர்.

முறிந்த வழியும் மீண்ட நடையும்

இந்நடை என்றும் தடையின்றி நிகழ்ந்தது என எண்ணற்க. 1983 ஆம் ஆண்டின் பின்னர் நாட்டின் நிலை திரிந்தபோது, வடக்கிலிருந்து கதிர்காமம் நோக்கிய நெடுநடை நெடுங்காலம் தடைப்பட்டது. 2004 ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியில் அம்மாவட்டத்து மக்கள் ஊர்களை முற்றாக விட்டு நீங்கினர். அவ்வாண்டு வைகாசித் திங்களில் நந்திக்கடல் ஓரத்திலேயே போர் முடிவுற்றது. மூதாட்டி ஒருத்தி பசியென்று கேட்க, சிறுவர் பொங்கியிட்ட கதை வழங்கும் கரை அது. அவ்வாண்டில் அக்கரையிற் பசித்திருந்தோரையும், கணவரையும் மக்களையும் இழந்து நின்ற பெண்களையும் எண்ணும்போது, கண்ணகியின் கதை நமக்குப் பழங்கதையாகத் தோன்றவில்லை. நீதி கேட்டு நின்ற பெண்ணின் உருவை அம்மண் ஏன் தன் தெய்வமாகப் போற்றிற்று என்பதை நாம் விளக்கிக் கூறவும் வேண்டுவதில்லை.

மீளக்குடியமர்ந்த மக்கள் செய்த செயல்களுள் ஒன்று கடல்நீரை எடுத்து விளக்கேற்றியதாகும். தீர்த்தநடை மீண்டது, பொங்கல் மீண்டது, கதிர்காம அடியாரும் மீண்டும் அவ்வழியே வருகின்றனர். ஆயினும் மீளாதன சில உள. வழியிலே எந்த மரத்தடியில் இளைப்பாறுவது, எந்தத் துரவில் நீர் அள்ளுவது, எந்த வளைவில் எந்தக் கதையைச் சொல்வது என்பவற்றை அறிந்த முதியோர் பலர் மறைந்தனர். எஞ்சியோர் சிலரே. பிள்ளைகள் பலர் பிறநாடுகளிலே வளர்கின்றனர். விழாவுக்கு வருவார் ஊர்தியில் வந்து ஊர்தியிற் செல்கின்றனர். கோயில் நிற்கும், வழி அழியும். வழி அழிந்தால், கோயிலுக்கும் கதைக்கும் இடையேயுள்ள பிணைப்பு அறுந்துவிடும்.

நாம் செய்யத்தக்கது

இதன்கண் கல்லூரிகளுக்கு ஒரு கடன் உண்டு. சிலப்பதிகாரத்தைப் பாடமாகக் கற்பிக்கும் ஆசிரியர், ஆண்டுக்கு ஒரு முறையேனும் உயர்வகுப்பு மாணவரைத் தண்ணீரூற்றிலிருந்து வற்றாப்பளைக்கு நடத்தி அழைத்துச் செல்லலாம். புவியியல் மாணவர் வழியை அளந்து நிலப்படம் வரைக. தாவரவியல் மாணவர் வழியிலுள்ள மரங்களைப் பெயரிட்டுக் குறிக்க. தமிழ் மாணவர் முதியோரை அணுகி, அவர் கூறும் கதையை அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்க. ஒருவர் கூறுவது மற்றொருவர் கூறுவதோடு மாறுபட்டால் இரண்டையும் எழுதுக. திருத்தற்க. மூன்று நான்கு ஆண்டுகளில் இப்பதிவுகள் ஒரு நூலளவாகும். பழைய மாணவர் அதனை அச்சேற்ற முன்வருவர் என்பதில் ஐயமில்லை.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. விடியற்பொழுதிற் புறப்படல் வேண்டும். நீர்க்குடுவையும் ஏடும் எழுதுகோலும் வேண்டும். கேட்கும் செவி வேண்டும். முப்பது காவதம் அணித்தே என நகைத்துக் கூறியவன் சொல்லை நம்பி ஒருத்தி நடந்தாள். அவள் நடை மதுரையில் நிற்கவில்லை, குன்றத்திலும் நிற்கவில்லை, நம் ஊற்றங்கரை வரை வந்தது. அதனை அடுத்த தலைமுறையிடம் நடத்திச் சேர்ப்பது நம் கால்களின் கடமையாகும்.